முதலில் வாளியில் கை வைத்தேன்

கிணற்று மோட்டார் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்க ஆரம்பித்தால் ஒரு சத்தம் வரும். வயதானவர் தொண்டையைச் செருமுவது போல இருக்கும். முதல் வறட்சி வருடத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்ட அன்றைக்கே ஒரு காரியம் செய்தேன். லாயத்தில் நான்கு குதிரைகளுக்கும் வைக்கிற குடிதண்ணீரைக் குறைத்தேன். அதற்கு முன் வாளி காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே இருப்போம். அன்றிலிருந்து காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. 15 லிட்டர் வாளி என்பதால் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர். எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் 500 கிலோ குதிரை சும்மா நிற்கும் நாளில் 20 முதல் 40 லிட்டர் குடிக்கும் என்று போட்டிருக்கும். 30 என்பது நடுவில்தானே இருக்கிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பொறுப்பாக நடந்துகொள்கிறேன் என்ற பெருமைகூட இருந்தது.

பத்து நாள் போயிருக்கும். லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் காலையில் கூட்டும்போது என்னைக் கூப்பிட்டார். "லத்தியைப் பாருங்க தம்பி. குதிரை போட்ட மாதிரியா இருக்கு? ஆட்டுப் புழுக்கை மாதிரி இருக்கு" என்றார். செம்பியின் கொட்டடி அது. எங்கள் பெண் குதிரைகளிலேயே சாது. லத்தி சின்னச் சின்ன உருண்டையாக, கெட்டியாக, மேலே சளி மாதிரி ஒரு பூச்சோடு கிடந்தது. மதியத்துக்குள் செம்பி தீனியை விட்டுவிட்டது. முன்னங்காலால் தரையைச் சுரண்டியது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது, படுத்தது, எழுந்தது. கோலிக் என்று குதிரைக்காரர்கள் பயந்து பயந்து சொல்லும் அந்த வயிற்றுவலிதான்.

டாக்டர் வந்து கை விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடலில் தீனி காய்ந்து அடைத்திருக்கிறது என்றார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அடைத்தால் கீழ்வழியாகத்தான் போயாக வேண்டும். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, இரைப்பையில் ஏதும் தேங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இல்லை என்றதும் உப்புச் சத்து கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒரு தடவைக்கு ஐந்தாறு லிட்டர், சில மணி நேரம் விட்டு மறுபடியும். இரவு முழுக்க நடந்தது. பத்து நாளாக நான் மிச்சம் பிடித்த தண்ணீர் அத்தனையும் அதன் மூக்கு வழியாக உள்ளே போனது போலவே எனக்குத் தோன்றியது. மறுநாள் விடிகாலையில் பிசுபிசுவென்று லத்தி போட்டது. அதைப் பார்த்து ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

போகும்போது டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "புல் தீர்ந்து எத்தனை நாளாச்சு?"

அந்தக் கேள்வியின் கனம் பிறகுதான் உறைத்தது. என் கணக்கில் ஓட்டை அங்கேதான் இருந்தது. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 500 கிலோ குதிரை நாள் முழுக்க நல்ல பசும்புல்லில் மேய்ந்தால் 45 கிலோ வரை தின்னும். அதிலேயே 35 லிட்டர் தண்ணீர் உள்ளே போய்விடும். அப்படி மேய்கிற குதிரை வாளிப் பக்கம் எட்டிப் பார்க்காமல்கூட இருக்கும். வறட்சி வந்ததும் புல் கருகுகிறது, நாம் காய்ந்த தீவனத்துக்கு மாறுகிறோம். 10 கிலோ காய்ந்த புல்லில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருந்தால் அதிகம். ஆக, கிணறு வற்றுகிற அதே மாதத்தில் குதிரை வாளியிலிருந்து குடிக்க வேண்டிய அளவு மடமடவென்று ஏறுகிறது. நான் அந்த நேரம் பார்த்துத்தான் வாளியில் கை வைத்தேன். வெயிலும் சேர்ந்துகொண்டது. வெயில் காலத்தில் வேலையும் செய்கிற குதிரைக்கு 60 லிட்டர்கூட வேண்டியிருக்கும். பால் கொடுக்கும் தாய்க் குதிரைக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

குதிரையின் வயிறு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதில் ஆச்சரியம் இல்லை. காய்ந்த தீவனத்தை மெல்ல மெல்ல அது ஒரு நாளைக்கு 35, 40 லிட்டர் எச்சில் சுரக்கிறது. மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும், நம்மைப் போலச் சாப்பாட்டை நினைத்ததும் ஊறாது. அதன் பெருங்குடலும் அதற்கு முன்னால் பெரிய பை மாதிரி உள்ள குருட்டுக்குடலும் சேர்ந்து 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு நொதித்தொட்டி. அதில் எந்நேரமும் சேறு மாதிரி ஈரம் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைக்கும், சிதைந்தது நகரும். உடம்புக்குத் தண்ணீர் போதாதபோது குதிரை இந்தத் தொட்டியிலிருந்துதான் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் முதல் சில நாள் வெளியே ஒன்றும் தெரியாது. பெருங்குடல் திடீரென்று வளைந்து குறுகும் ஒரு இடம் உண்டு. காய்ந்துபோன தீனி கடைசியில் அங்கே போய் நிற்கும்.

சரி, அப்படியானால் எங்கே குறைப்பது? அது தெரியாமல்தானே கண்ணில் முதலில் பட்ட வாளியைக் குறைத்தேன். செம்பி தேறியதும் ஒரு பழைய நோட்டை எடுத்து லாயக் கதவில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு வாரம், எதையும் மாற்றாமல், யார் எங்கே எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோம் என்று எழுதுவது. மீட்டர் எல்லாம் கிடையாது. ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தால் போதும். எங்கள் பைப் 15 லிட்டரை 55 நொடியில் நிரப்பியது. நிமிடத்துக்கு 16 லிட்டர். அதற்குப் பிறகு கையில் கடிகாரம் இருந்தால் கணக்கு தானாக வந்துவிடும்.

ஒரு வாரத்துக் கணக்கு இப்படி வந்தது. நான்கு குதிரைகளும் குடித்தது சுமார் 1050 லிட்டர். அவற்றைக் குளிப்பாட்ட 2300. லாயத் தரையைக் கழுவ 700. தூசி அடங்கத் தீவனத்தை ஊறவைத்துக் கொட்டியதில் 420. தொட்டி வால்வு ஒழுகியதில் 140. வீட்டில் ஐந்து பேருக்கு 4200. சவாரித் திடலின் மணலுக்குத் தெளித்தது 7200.

அந்தக் கடைசி எண்ணை நான் நம்பவில்லை. இரண்டாம் தடவை கூட்டிப் பார்த்தேன். யோசித்தால் அதில் மர்மமே இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் ஒரு லிட்டர். எங்கள் திடல் 20க்கு 40 மீட்டர், அதாவது 800 சதுர மீட்டர். தூசி அடங்க மூன்று மில்லிமீட்டர் தெளித்தால் 2400 லிட்டர். வாரத்துக்கு மூன்று தடவை. போட்டிகளுக்குப் பயன்படும் 20க்கு 60 மீட்டர் திடல் வைத்திருப்பவர்கள் இதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளலாம். மொத்தத்தில் பதினாறாயிரம் லிட்டர். குதிரைகள் குடித்தது அதில் நூற்றுக்கு ஏழு பங்குகூட இல்லை. அந்த ஏழு பங்கில் வெட்டிவிட்டுத்தான் பொறுப்பாக நடந்துகொண்டதாக நினைத்திருந்தேன்.

திடலுக்குத் தண்ணீர் தெளிப்பதை அன்றோடு நிறுத்தினோம். அதற்கு விலை உண்டு, மறைக்கவில்லை. காய்ந்த மணல் ஆழமாக வழுக்கும், குதிரையின் தசைநாருக்கு நல்லதில்லை. தூசி அதன் நுரையீரலுக்கும் ஏறுபவரின் நுரையீரலுக்கும் கெடுதல். மக்னீசியம் குளோரைடு தூவினால் காற்றின் ஈரத்தை இழுத்து மணலை அடக்கி வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது இரும்பை அரிக்கும், குளம்பையும் வறட்டும் என்பதால் எனக்கு மனம் வரவில்லை. ஆகவே திடலில் பாய்ச்சல், தாண்டல் எல்லாம் அந்த வருடம் கிடையாது. விடிகாலையில் கெட்டித் தரையில் நடை மட்டும். மகளுக்குத்தான் பெரிய வருத்தம். பயிற்சியெல்லாம் வீணாகிறது என்று இரண்டு நாள் பேசவில்லை. குதிரைகளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வேலை குறைந்ததால் வியர்வை குறைந்தது, குடிக்க வேண்டியதும் கொஞ்சம் குறைந்தது. ஒரே வெட்டில் இரண்டு பக்கம் மிச்சம்.

குளிப்பாட்டுவதில்தான் எனக்கும் பெரியவருக்கும் சண்டை வந்தது. அவர் ஹோஸ் பைப் ஆள். பன்னிரண்டு நிமிடம் தலையிலிருந்து குளம்பு வரை பீய்ச்சி அடித்தால்தான் அவருக்குத் திருப்தி. ஒரு குதிரைக்கு 190 லிட்டர். அவ்வளவும் எங்கே போகிறது என்று பார்த்தால், முதுகில் பட்டு வழிந்து நேராகத் தரைக்குப் போகிறது. குதிரையை அழுக்கு நீங்கத் தேய்ப்பது ஒன்று, உடம்புச் சூடு தணிப்பது வேறொன்று. இரண்டையும் நாம் குளியல் என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

அழுக்குக்குத் தண்ணீரே வேண்டாம். ரப்பர் பிரஷ்ஷால் வட்டவட்டமாகத் தேய்த்துத் தூசியைக் கிளப்பி, பிறகு கெட்டி மயிர்ப் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். குதிரை தேய்க்கும் சீப்புக்குத் தமிழில் குரப்பம் என்றே ஒரு பழைய சொல் அகராதியில் இருக்கிறது. அந்தக் காலத்து லாயங்களிலும் தேய்ப்புதான் பிரதானம் போல. தோலில் ஊறும் எண்ணெயைத் தேய்ப்பு முடி முழுக்கப் பரப்பும். அடிக்கடி ஷாம்பு போட்டால் அந்த எண்ணெய் போய்விடும். குளம்பும் அப்படித்தான். நனைவது, காய்வது என்று மாறி மாறி நடந்தால்தான் அது வெடிக்கும். தண்ணீரை நிறுத்திய மூன்றாவது மாதம் லாடம் அடிக்க வந்தவர், குளம்பு நன்றாக இருக்கிறதே, என்ன தடவுகிறீர்கள் என்று கேட்டார்.

சூட்டைத் தணிப்பதற்கு மட்டும் தண்ணீர் வேண்டும். அங்கேயும் கணக்கு நம் பக்கம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் குதிரையின் தோலில் பட்டு 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடாகி வழிந்துவிட்டால் 10 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் அங்கேயே தங்கி ஆவியானால் 580 கிலோகலோரியை எடுத்துக்கொண்டு போகும். வறட்சிக் காலத்துக் காற்று காய்ந்திருக்கும், ஆவியாவதற்கு அதைவிடத் தோதான காற்று இல்லை. ஆகவே நிழலில், காற்று ஓடும் இடத்தில் நிறுத்தி, கழுத்து, மார்பு, தொடையின் உள்பக்கம் என்று ரத்தக் குழாய்கள் மேலே ஓடும் இடங்களில் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால், ஒரு வாளி, மிஞ்சினால் ஒன்றரை வாளியில் வேலை முடிந்துவிடும். பெரியவர் முதலில் முகத்தைச் சுளித்தார். அரைமணி கழித்து அவரே விலாவில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பைப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. குதிரையின் உடம்பு வெப்பம் சாதாரணமாக 37.5 முதல் 38.5 டிகிரி. வேலை முடிந்த குதிரை தள்ளாடி நின்று, மூச்சு அடங்காமல், 40, 41 டிகிரி காட்டினால் அது உயிர் ஆபத்து. அப்போது எந்த நோட்டையும் பார்க்காமல் இருக்கிற குளிர்ந்த தண்ணீரையெல்லாம் விடாமல் ஊற்ற வேண்டும். சூடான குதிரை மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பழைய பயம் உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் புழுக்கத்தைச் சமாளிக்க அதற்கு முன் நடந்த ஆராய்ச்சிகளிலேயே அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று தெளிவாகிவிட்டது.

இன்னொரு தப்பும் பலர் செய்யப் பார்த்திருக்கிறேன். உப்பு கொடுத்தால் அதிகம் குடிக்கும், ஆகவே வறட்சியில் உப்பைக் குறைப்போம் என்பது. இது வாளியைக் குறைப்பதன் தம்பி. குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம், அதன் ரத்தத்தில் உள்ளதைவிடக்கூட அதிகம். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் ரத்தம் உப்புக் கரிப்பதில்லை, மூளைக்குத் தாகச் செய்தி போவதில்லை. வறண்டுபோன குதிரை தண்ணீர்த் தொட்டி முன்னால் நின்றுகொண்டு குடிக்காமல் விழிப்பது இதனால்தான். வேலையில்லாத 500 கிலோ குதிரைக்கே தினம் 30 கிராம் போல உப்பு வேண்டும், வியர்த்தால் இன்னும். உப்புக் கட்டியை நக்கிக்கொள்ளட்டும் என்று விடுவதைவிடத் தீனியில் கலந்து கொடுப்பதையே நம்புகிறேன். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சும்மாவா சொன்னார்கள்? கொள்ளோடு சேர்ந்தால் உப்பும் உள்ளே போய்விடும்.

தீவனத்தைத் தொட்டியில் அமுக்கி ஊறவைப்பதையும் விட்டோம். தூசி அடங்குவதுதான் நோக்கம் என்றால் பூவாளியால் ஐந்து லிட்டர் தெளித்துப் புரட்டினால் போதும். தீவனத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்க ஊறவைக்கச் சொல்லி மருத்துவர் சொல்லியிருக்கும் குதிரையாக இருந்தால் அது வேறு கதை. ஊறவைத்த அந்தப் பழுப்புத் தண்ணீரைக் குதிரைக்கு வைக்கவும் கூடாது, ஓடையில் கொட்டவும் கூடாது. அதில் கரைந்திருக்கும் சத்து ஓடைத் தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

தண்ணீர்த் தொட்டி பற்றியும் ஒரு வார்த்தை. மேய்ச்சல் நிலத்தின் நடுவே வெட்ட வெயிலில் எங்களிடம் அகலமான தொட்டி ஒன்று இருந்தது. அதன் மேல்பரப்பு இரண்டு சதுர மீட்டர். காற்றடிக்கும் வெயில் நாளில் ஏழு மில்லிமீட்டர் ஆவியானால் 14 லிட்டர் போச்சு. பாசி பிடித்ததும் கழுவ ஒவ்வொரு வாரமும் முழுத் தொட்டியையும் கவிழ்க்க வேண்டும். அதற்குப் பதில் மர நிழலில் சின்னத் தொட்டி வைத்தோம். ஒன்று வைத்தால் போதாது, இரண்டு வைக்க வேண்டும், அதுவும் தள்ளித் தள்ளி. குதிரைக் கூட்டத்தில் ஒரு ரவுடி இருக்கும். எங்களிடம் இருப்பது கிழட்டு ரவுடி. ஒரே தொட்டி என்றால் அதன் முன்னால் நின்றுகொண்டு மற்றதைக் கிட்டே விடாது. மொத்தத் தண்ணீர் ஏராளமாக இருக்கும், ஒரு குதிரை மட்டும் தாகத்தோடு நிற்கும். தானியங்கி வால்வுள்ள கிண்ணங்களிலும் இதே மாதிரி ஒரு கண்மறைவு உண்டு. எது எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு வாளிதான் பிடித்திருக்கிறது. வாளி பேசும்.

கிணறு கிட்டத்தட்டக் கைவிட்ட இரண்டு மாதம் லாரித் தண்ணீர் வாங்கினோம். அதில் குளோரின் வாடை. மூன்று குதிரைகள் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. குதிரைக்குப் பழக்கமில்லாத வாசனை என்றால் தாகத்தோடு நிற்கும், குடிக்காது. திறந்த தொட்டியில் ஒரு ராத்திரி விட்டு, பழைய கிணற்றுத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றினோம். கிணற்றின் அடித்தண்ணீரும் அப்போது உப்பேறியிருந்தது. தண்ணீர் குறையக் குறைய அதில் கரைந்த உப்பு செறிவாகிக்கொண்டே போகும். லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை, அதற்கு மேலே ஏற ஏறச் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. குட்டையில் பச்சைப் பெயின்ட் கொட்டினது போல ஆடை படர்ந்தால் அதன் பக்கமே விடக்கூடாது. நீலப்பச்சைப் பாசி விஷம், சில மணி நேரத்தில்கூடக் கொல்லும்.

வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். இங்கே சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐந்து பேருக்கு வாரம் 4200 லிட்டர் என்றால் தலைக்குத் தினம் 120. 2018 பிப்ரவரியில் கேப் டவுன் நகரம் வறண்டபோது ஆளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு போட்டார்கள். எல்லோரும் அதற்குள் வரவில்லை என்றாலும் ஒரு பெருநகரமே சிக்கனமாக வாழப் பழகியது. நாங்கள் 50க்கு வரவில்லை. 75க்கு வந்தோம். ஷவரை மூடி வாளிக் குளியலுக்கு மாறியதும், பழைய கழிவறைத் தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இறக்கி வைத்ததும், துணியைச் சேர்த்து வைத்துத் துவைத்ததும்தான் பெரிய மாற்றங்கள். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது என்பது வாளி வைத்துப் பிடித்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது. அந்தத் தண்ணீர் தரை துடைக்கப் போகிறது. குளித்த, துவைத்த தண்ணீர் மரங்களுக்கு. அதைத் தேக்கி வைக்கக்கூடாது, ஒரு நாளுக்கு மேல் நின்றால் நாறும். சோப்புத் தண்ணீரைக் குதிரைக்குக் காட்டவே கூடாது என்று எழுத வேண்டியதில்லைதான், ஆனாலும் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

மாமனார் மட்டும் ஒரு நாள் வாளியைப் பார்த்துச் சொன்னார்: "குதிரைக்கு 40 லிட்டர், எனக்கு 15 லிட்டரா மாப்பிள்ளை?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி சிரிப்போடு போகவில்லை.

பக்கத்தில் இருப்பவர்கள் அதையே சிரிக்காமல் கேட்டார்கள். மனிதருக்கே தட்டுப்பாடு, இதில் குதிரை என்ன ஆடம்பரம்? முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் நோட்டைக் காட்டினேன். வாரம் பதினாறாயிரத்திலிருந்து நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வந்திருந்தோம், வேலை குறைந்தும் வெயில் ஏறியதில் குதிரைகள் குடிப்பது மட்டும் 1200ஆகக் கூடியிருந்தது. அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை. ஏனென்றால் நோட்டில் வராத தண்ணீர் ஒன்று இருக்கிறது. குதிரைமசால் என்று குதிரையின் பெயரையே வைத்திருக்கும் அந்தத் தீவனப் பயிர் ஒரு கிலோ காய்ந்த தீவனமாக வர 500 முதல் 1000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் பாதிக்குப் பாதி புல் கலந்து போட்டாலும் ஒரு குதிரை ஒரே நாளில் தின்று தீர்ப்பது, என் வீடும் லாயமும் சேர்ந்து பல நாள் செலவழிக்கும் தண்ணீர். அது வேறு யாரோ ஒருவரின் வயலில், வேறு யாரோ ஒருவரின் கிணற்றிலிருந்து போனது. ஸ்பாஞ்சும் பூவாளியும் அதை ஈடுகட்டாது.

இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. தரையில் கொட்டிய தீவனத்தை மிதித்து, மேலேயே மூத்திரம் பெய்து வீணாக்குவதைத் தடுக்க வலைப் பைகளில் கட்டித் தொங்கவிட்டோம். மழையை நம்பி விளைந்த புல் கிடைத்தால் குதிரைமசாலுக்கு முன் அதை வாங்கினோம். செம்பியை அந்த வருடம் சினைக்கு விடுவதாக இருந்தது, விடவில்லை. ஐந்தாவதாக ஒரு குதிரையைத் தருவதாக நண்பர் சொன்னார், அழகான கறுப்புக் குதிரை, வேண்டாம் என்றேன். இருக்கிற நான்கையும் விற்றிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதை மறுத்து வாதாட மாட்டேன். விற்கவும் மாட்டேன்.

ஒரு சின்னத் திருப்தி லத்தியில் கிடைத்தது. ஒரு குதிரை தினம் 20 கிலோவுக்கு மேல் போடும், அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். குடித்ததில் கணிசமான பங்கை இப்படித் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மூத்திரம் ஊறிய படுக்கைப் புல்லோடு சேர்த்துக் குவித்தால் மக்குவதற்குத் தண்ணீரே தெளிக்க வேண்டாம். அந்த மக்கை மரத்தடிகளில் கனமாகப் பரப்பினோம். கோடை முடிவில் அதைக் கிளறினால் கீழே மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. சுற்றிலும் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நேரம் அது.

மழை தாமதமாக வந்தது, வந்தபோது தயாராக இருந்தோம். லாயத்துக் கூரை 200 சதுர மீட்டர். ஆண்டுக் கணக்கில் அதன் மேல் பெய்த மழை முழுக்க முற்றத்தைச் சேறாக்கியதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. இந்தத் தடவை விளிம்பில் தகர வாய்க்கால் கட்டி ஒரு தொட்டிக்கு இறக்கியிருந்தோம். பறவை எச்சமும் தூசியும் கழுவிக்கொண்டு வரும் முதல் தண்ணீரை வெளியே விட ஒரு தனிக் குழாய். முதல் மழை 12 மில்லிமீட்டர். கணக்குப்படி 2400 லிட்டர், கழிவு போக 2000 வந்து சேர்ந்தது. ஒரு ராத்திரியில் வானம் குதிரைகளுக்குப் பதினோரு, பன்னிரண்டு நாள் தாகத்துக்குக் கொடுத்துவிட்டது. பெரியவர் நனைந்துகொண்டே தொட்டிக்குள் கையை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு நல்ல மழைக்காலம் வந்து போய்விட்டது. நோட்டு இன்னும் கதவில் தொங்குகிறது, மூன்றாவது நோட்டு. திடலுக்குத் தண்ணீர் தெளிக்கிறோம், வாரத்தில் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு. ஹோஸ் பைப் அதே ஆணியில் இருக்கிறது.

போன வாரம் இரவு பன்னிரண்டு மணிக்கு லாயத்துப் பக்கம் சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. ஒரு காலத்தில் அந்தச் சத்தத்தை நான் தாலாட்டாகக்கூட நினைத்ததுண்டு. இப்போது தூக்கமே வராது. மறுபடியும் அந்த வால்வுதான் என்று திட்டிக்கொண்டே டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். வால்வு காய்ந்து கிடந்தது. செம்பி வாளியிலிருந்து தலையைத் தூக்கி, தாடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது.